கொதிக்கும் எஞ்சினும் குளிர்விக்கும் வேகமும்

1997-ஆம் ஆண்டில், பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியேறி மூன்றாம் ஆண்டாக, ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வெப்பம் பற்றிய பாடம். உராய்வினால் வெப்பம் உண்டாகும், எரிபொருள் எரிவதால் வெப்பம் உண்டாகும், ஆகவே ஒரு மோட்டார் வண்டியின் எஞ்சின் எவ்வளவு விரைந்து சுழல்கிறதோ அவ்வளவு மிகுதியாகச் சூடேறும் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, லோரி கொதிச்சா எங்கப்பா எண்ணெய் மிதிப்பாரு. அப்பத்தான் சூடு இறங்கும்னு சொல்வாரு" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "உன் அப்பா தவறாகச் சொல்லியிருக்கிறார், உட்கார்" என்றேன்.

அவன் சொன்னதை நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன். என் தந்தையாரும் லோரி ஓட்டியவர்தாம். அவர் வாயிலிருந்தும் அதே சொல் வந்ததுண்டு. பயிற்சிக் கல்லூரியில் படித்ததன் செருக்கினால் அவரையும் ஒருநாள் மறுத்துப் பேசியிருந்தேன். ஓட்டுநர்கள் இருவர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே முடிவைச் சொல்கின்றார்களே, அதற்கு ஒரு காரணம் இருக்கலாமே என்று எண்ணிப் பார்க்கும் பக்குவம் அப்பொழுது எனக்கு இல்லை. அக்காரணத்தைத் தேடப் புகுந்தபோது, அது எஞ்சினைக் குளிர்வித்த முறைகளின் வரலாற்றுக்குள் என்னை இட்டுச் சென்றது.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பார் தாம் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அதன் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 முறை சுழன்றது. அதன் ஆற்றல் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. சிலிண்டரைச் சூழ்ந்து தண்ணீர் நின்றது. அத்தண்ணீரை ஓட்டுவதற்கு நீரேற்றி இல்லை. காற்றை இழுப்பதற்கு விசிறியும் இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியே போயிற்று. போகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு போயிற்று. அவ்வளவுதான் ஏற்பாடு.

இதனை எளிய ஏற்பாடு என்று நகைத்துவிட முடியாது. ஒரு கிலோகிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற வேண்டிய வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம், கொதிநிலையில் உள்ள அதே தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஆதலால் கொதிக்கும் நீர் மிகச் சிறந்த வெப்பச் சுமைகாரன். அதன் குறை ஒன்றே ஒன்று: போன தண்ணீர் திரும்பி வருவதில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பென்ஸின் மனைவியார் பெர்த்தா, ஆயுகன், ரிச்சர்டு என்னும் தம் புதல்வர் இருவரோடு, மான்ஹைமிலிருந்து போர்ட்ஸைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியான தொலைவு அவ்வண்டியைச் செலுத்திச் சென்றார். எரிபொருளை வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. பலரும் சொல்லாமல் விடுவது, வழியெல்லாம் தண்ணீருக்காக அவர்கள் நின்று நின்று சென்றதை. மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். அப்பயணத்தின் பட்டறிவால்தான் மேடு ஏறுவதற்கான தாழ்ந்த கியர் ஒன்று பின்னர் அவ்வண்டியில் சேர்ந்தது. தாழ்ந்த கியருக்கும் எஞ்சின் சூட்டுக்கும் உள்ள உறவு பின்னால் வரும்.

போன தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் வழியைச் செம்மையாகக் கண்டவர் வில்ஹெல்ம் மைபாக். அவர் வகுத்து, 1900-ஆம் ஆண்டின் இறுதியில் டைம்லர் நிறுவனம் எமில் யெல்லினெக் என்னும் வணிகருக்கு அனுப்பிய 35 குதிரைத் திறன் வண்டிக்கு, அவ்வணிகரின் மகள் பெயரால் மெர்சிடிஸ் என்று பெயர் வழங்கிற்று. அதன் முகப்பில் தேன்கூடு போன்றதொரு ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுர வாயுடைய சிறு குழாய்கள் 8,070 அதில் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்றுச் சென்றது. அவற்றின் இடுக்குகளில் தண்ணீர் ஓடியது. முன்னைய வண்டிகளுக்கு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட, இதற்கு 9 லிட்டர் போதியதாயிற்று. வண்டி மெதுவாகச் செல்லும்போதும் காற்றுக் குறையாதிருக்க, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சிறு விசிறியையும் மைபாக் வைத்தார்.

அந்தச் சிறு விசிறியில்தான் நம் கதை தொடங்குகிறது. அதைச் சுழற்றுவது எது? எஞ்சினே. வெப்பத்தை உண்டாக்கும் அதே எஞ்சின், அவ்வெப்பத்தை ஓட்டும் விசிறியையும் சுழற்றுகிறது. பின்வந்த வண்டிகளில் நீரேற்றியும் அதே பெல்ட்டில் கோக்கப்பட்டது. நோயையும் மருந்தையும் ஒரே அச்சில் கட்டிவைத்தாற்போன்ற இந்த அமைப்பு, முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகத்துச் சாலைகளை ஆண்டது.

இடையில் ஒரு கிளை வழியும் உண்டு. 1908-இல் தோன்றி 1927 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மிகுதியாகச் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' வண்டியில், முதல் 2,500 வண்டிகளுக்குப் பின்னர் நீரேற்றியே இல்லை. சூடான நீர் மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்னும் இயற்கையையே நம்பி, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரைத் தானாகச் சுற்றவிட்டனர். செலவு குறைவு, பழுதும் குறைவு. ஆனால் தண்ணீர் மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்றோட்டம் அங்கேயே நின்றுபோகும். மலையேறும் ஃபோர்டு வண்டி ஆவி கக்கி நின்ற காட்சி அமெரிக்காவில் அக்காலத்து நகைச்சுவைக்கு நல்ல தீனியாயிற்று.

நிற்க. பென்ஸ் தம் வண்டியை வடித்துக்கொண்டிருந்த 1885-ஆம் ஆண்டிலேதான், வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் பேராக், பகாங் எல்லை மலைகளுக்குள் சென்று, பின்னர்த் தம் பெயரைப் பெற்ற மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அம்மேட்டுநிலத்துக்குத் தாப்பாவிலிருந்து மோட்டார்ச் சாலை அமைந்தது 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான தானா ராத்தாவுக்கு அச்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. எஞ்சின் குளிர்ச்சியைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு நம் நாட்டில் இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

அப்பள்ளியில் நான் சேர்ந்தது 1981-ஆம் ஆண்டு, பதினொரு வயதில். தந்தையார் அப்பொழுது ஒரு மளிகைக் கடைக்காரருக்காகப் பழைய பெட்ஃபோர்டு லோரி ஒன்றில் அரிசி மூட்டைகளை மலைக்கு ஏற்றிச் செல்வார். பள்ளி விடுமுறையில் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். இருக்கைக்குப் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் இருந்தது. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ஒரு நீண்ட ஏற்றம். எனக்கு அவசரம், லோரியோ கியரைக் குறைத்துக்கொண்டு இரைந்தது. பின்னால் வந்த இன்னொரு லோரி எங்களைக் கடந்து சென்றது. அடுத்த திருப்பத்தில் அது ஆவி பறக்க ஓரங்கட்டி நின்றது. தந்தையார் எங்கள் வண்டியையும் நிறுத்தித் தண்ணீர் கொடுக்க இறங்கினார். எஞ்சினை அணைக்கவில்லை. ஒரு சிறு கல்லை ஆக்ஸிலரேட்டரின் நெம்புகோலில் செருகி, எஞ்சின் சற்று விரைந்து ஓடும்படி செய்துவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டேன். "இவனைத் தூங்க விடக்கூடாது தம்பி. தூங்கினா கொதிச்சிருவான்" என்றார்.

அந்த இரண்டு செயல்களிலும் உள்ள அறிவியலை இப்பொழுது பார்ப்போம். எட்டு டன் எடையுள்ள ஒரு லோரியை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 110 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். எரிபொருள் தரும் ஆற்றலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ வேலையாகிறது. ஏறத்தாழ அதே அளவு குளிர்விக்கும் நீரில் சேர்கிறது. எஞ்சியதில் பெரும்பங்கு புகையோடு போகிறது. ஆகவே லோரியைத் தூக்கும் அதே 110 மெகாஜூல் அளவு வெப்பத்தைத் தண்ணீரும் சுமக்க வேண்டியிருக்கிறது எனலாம். பென்ஸின் வண்டியைப்போல் கொதித்தே போக்குவதாயின், நாற்பது லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் காற்றில் விட வேண்டும். இரண்டு தகரங்கள் அதற்குப் போதா.

இனி, கியர். ஓர் ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 1,200 சுற்றும், இரண்டாம் கியரில் 2,000 சுற்றும் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் வண்டி ஏறும் வேகம் ஒன்றே. ஆகவே எஞ்சின் செய்யும் வேலையும் ஒன்றே. எரிபொருளும் வெப்பமும் சற்றேறக்குறைய ஒன்றே. ஆனால் விசிறி தள்ளும் காற்றும் நீரேற்றி தள்ளும் தண்ணீரும் சுழற்சியின் அளவுக்கு ஏற்பக் கூடுவன. இரண்டாம் கியரில் இவை மூன்றில் இரண்டு பங்கு அதிகம். உராய்வினால் வெப்பமும் கூடத்தான் செய்கிறது. எனினும் அக்கூடுதல், கிடைத்த காற்றுக்கும் தண்ணீருக்கும் முன் சிறிது. உயர்ந்த கியரில், தாழ்ந்த சுழற்சியில், ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து எஞ்சினைத் திணறவைப்பதே அதனைக் கொதிக்கவைக்கும் செவ்விய வழி. எங்களைக் கடந்து சென்ற லோரிக்காரர் செய்தது அதுவே.

நின்ற வண்டியின் நிலை வேறு. ஏற்றம் ஏறி நிற்கும் எஞ்சினின் இரும்பில் வெப்பம் நிறைந்திருக்கும். உடனே அணைத்துவிட்டால் நீரேற்றி நிற்கும், விசிறியும் நிற்கும். இரும்பில் உள்ள வெப்பம் முழுவதும் அருகில் தேங்கிய தண்ணீருக்குள் பாயும், அது கொதிக்கும். அணைக்காமல் விட்டாலும், சும்மா ஓடும் எஞ்சின் நிமிடத்திற்கு 600, 700 சுற்றுக்குமேல் சுழல்வதில்லை. விசிறியும் சோம்பலாகவே சுழலும். 1,500 சுற்று அளவுக்கு உயர்த்தினால், சுமை ஏதும் இல்லாததால் வெப்பம் சிறிதே கூடும். காற்றும் தண்ணீரும் இரு மடங்காகும். கல்லைச் செருகியதன் பொருள் இது. அளவுக்கு மேல் விரட்டினால் பயன் குறையும். விசிறி உண்ணும் ஆற்றல் சுழற்சியின் மும்மடிப்படி வளர்வதால், இரு மடங்கு காற்றுக்கு எட்டு மடங்கு ஆற்றல் செலவாகும். தண்ணீர் முற்றும் போய்விட்ட எஞ்சினுக்கும், பெல்ட் அறுந்த எஞ்சினுக்கும் இந்த மருந்து கிடையாது. அவற்றை உடனே அணைக்க வேண்டும்.

பெல்ட் அறுந்ததை ஓட்டுநர் எவ்வாறு அறிவார்? அக்கால வண்டிகள் பலவற்றில் மின்னாக்கியும் அதே பெல்ட்டில்தான் ஓடியது. ஆகவே முகப்பில் மின்னேற்றத்துக்குரிய சிவப்பு விளக்கு எரியும். தண்ணீரே இல்லாமல் காற்றினால் மட்டும் குளிர்ந்த ஃபோக்ஸ்வாகன் 'வண்டு' வண்டியில், குளிர்விக்கும் விசிறியும் மின்னாக்கியும் ஒரே தண்டில் அமைந்திருந்தன. அச்சிவப்பு விளக்கை மின்கலத்தின் குறை என்று எண்ணி மேலும் சில கல் ஓட்டியவர்கள் எஞ்சினையே இழந்தனர்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். தானா ராத்தாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். இதற்கு மாற்றாக வந்தது அழுத்த மூடி. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு மிகையழுத்தத்தைத் தாங்கும் மூடியிட்டால், சமவெளியில் தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காது. ஆனால் அந்த மூடியைச் சூட்டோடு திறப்பவரின் நிலை என்ன? அழுத்தம் நீங்கிய கணமே, 100 பாகைக்கு மேற்பட்டு அடங்கியிருந்த நீர் முழுதும் ஒருசேரக் கொதித்துப் பீறிடும். என் தந்தையாரின் வலக்கை மணிக்கட்டில் அதன் தழும்பு கடைசிவரை இருந்தது. மாணவர்களுக்குச் சொல்லும்போது கணக்கைவிட அத்தழும்பையே நான் மிகுதியாகச் சொல்கிறேன்.

எஞ்சினையும் விசிறியையும் பிணைத்த முடிச்சு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. முதலில், சூடேறினால் மட்டும் பற்றிக்கொள்ளும் விசிறி இணைப்புகள் வந்தன. பின்னர் எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் கார்கள் பெருகின. எஞ்சின் குறுக்கே திரும்பியதும் அதன் தண்டு ரேடியேட்டரை நோக்கவில்லை. பெல்ட்டில் விசிறியைக் கட்டுவது கடினமாயிற்று. எனவே மின்சார மோட்டாரில் ஓடும் விசிறி வந்தது. 1969-இல் வெளிவந்த இத்தாலிய ஃபியட் 128 இவ்வழியில் சென்ற புகழ்பெற்ற வண்டி. நம் நாட்டில் இம்மாற்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு முன்னர் நம்மவர் பலர் ஓட்டிய டட்சன் 120வை போன்ற கார்களில் எஞ்சின் நெடுக்காக இருந்தது; விசிறி அதன் மூக்கிலேயே சுழன்றது. சாகாவிலோ எஞ்சின் குறுக்கே கிடந்தது. விசிறி தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானாக ஓடி, தானாக நின்றது. காரை அணைத்த பின்னும் விசிறி ஓடுவதைக் கண்டு, ஏதோ பழுது என்று பட்டறைக்கு ஓடியவர்களை நான் அறிவேன்.

இதை அறிந்திருந்தும் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. 2009-ஆம் ஆண்டில் என் உடனாசிரியர் ஒருவரோடு கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்தேன். கார் அவருடையது. நண்பகல் நெரிசலில் அசையாமல் நின்றபோது வெப்பமானியின் முள் ஏறியது. எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. முன்பு அவரை மறுத்ததற்குக் கழுவாய் செய்வதுபோல், "கியரை எடுத்துவிட்டு எண்ணெய் மிதியுங்கள், சூடு இறங்கும்" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் என்னை நம்பி மிதித்தார். முள் இறங்கவில்லை, விரைந்து ஏறியது. இன்னும் மிதியுங்கள் என்றேன். சற்று நேரத்தில் முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

பட்டறையில் பார்த்தபோது விசிறியின் மின்மோட்டார் எரிந்துபோயிருந்தது. நின்ற காரில் ரேடியேட்டர் வழியே ஒரு மூச்சுக் காற்றும் போகவில்லை. எஞ்சின் சுழற்சியைக் கூட்டியபோது நீரேற்றி தண்ணீரை விரைவாக ஓட்டியது உண்மை. ஆனால் ஓடிய தண்ணீர் வெப்பத்தை இறக்கிவைக்க இடமில்லை. கூடிய உராய்வும் எரிந்த பெட்ரோலும் அதன்மேல் வெப்பத்தைச் சேர்த்தன. என் தந்தையாரின் லோரியில் மிதித்தால் விசிறி விரையும். இந்தக் காரில் எத்துணை மிதித்தாலும் விசிறிக்கு அது தெரியாது. செய்திருக்க வேண்டியது, ஓரங்கட்டி அணைத்து, ஆறும்வரை காத்திருப்பது. விசிறி நன்றாக இருக்கும் காரிலும், நெரிசலில் முதலில் நிறுத்த வேண்டியது குளிர்சாதனத்தை. அது தன் வெப்பத்தை ரேடியேட்டருக்கு முன்னாலேயே கொட்டுகிறது. அந்தக் காரின் சிலிண்டர் தலை வளைந்து, அதன் கேஸ்கட்டும் கெட்டது. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் மறுத்தார், ஆயினும் வாங்கிக்கொள்ளச் செய்தேன்.

1997-இல் நான் தவறியதற்கும் 2009-இல் நான் தவறியதற்கும் காரணம் ஒன்றே. முன்னதில் விதி ஒன்றைப் புத்தகத்திலிருந்து எடுத்தேன்; பின்னதில் தந்தையிடமிருந்து எடுத்தேன். இரண்டு முறையும் விசிறி எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. அதே 2009-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் எஞ்சினுக்குப் பெல்ட்டே இல்லாமற்போயிற்று. நீரேற்றியும் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. எஞ்சின் எவ்வளவு சுழன்றாலும் தண்ணீரின் ஓட்டத்தை முடிவு செய்வது அங்கே ஒரு சிறு கணினி.

தலைமையாசிரியரான பின்பும், வெப்பப் பாடம் வரும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மாணவர்களை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வேன். பள்ளித் தோட்டக்காரர் பழைய டட்சன் ஒன்றை இன்னும் பேணி வைத்திருக்கிறார். அதன் அருகில் என் காரை நிறுத்தி, காலையிலிருந்து ஆறிக் கிடக்கும் இரண்டின் முன்மூடிகளையும் திறந்துவைப்போம். மாணவர்கள் முதலில் டட்சனின் பெல்ட்டைக் கண்ணால் தொடர்ந்து, விசிறி எங்கே போய்ச் சேர்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு என் காரில் அதே விசிறியைத் தேட வேண்டும். பெல்ட் இருக்கிறது, விசிறியும் இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சற்று நேரம் ஆகும். அதுவரை நான் ஒன்றும் சொல்வதில்லை. சென்ற முறை ஒரு சிறுமி ரேடியேட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு ஒயர்தான் வருது" என்றாள்.